சுமாத்திரா நடுங்கினால் கொழும்புக் கோபுரத்துக்கு எந்தப் பதிவு?

கொழும்பில் 200 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றுக்கு நில அசைவுப் பதிவைக் கொடுத்து இயக்கவியல் பகுப்பாய்வு செய்யவேண்டி வந்தால், அநேகமாகக் கைக்கு முதலில் வருவது 1940ஆம் ஆண்டின் எல் சென்ட்ரோ பதிவு. கலிபோர்னியாவில் 6.9 அளவில் ஏற்பட்ட நடுக்கம் அது. பிளவுக்கு மிக அருகில் வைத்துப் பதிந்தது, உச்ச ஆர்முடுகல் 0.3 ஜிக்கு மேல் (ஜி என்பது புவியீர்ப்பு ஆர்முடுகல்). பாடப்புத்தகங்களில் இருக்கிறது, மென்பொருளோடும் கூடவே வருகிறது, ஆகவே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கொழும்பின் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமற்ற ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

நமக்குப் பெருநடுக்கம் வரும் திசை தெரிந்ததுதான். 2004 டிசம்பர் 26இன் 9.1, 2012 ஏப்ரல் 11இன் 8.6 ஆகிய இரண்டும் சுமாத்திராவுக்கு மேற்கே, கொழும்பிலிருந்து முறையே ஏறத்தாழ 1,800, 1,550 கிலோமீட்டர் தூரத்தில் தொடங்கின. அத்தனை தூரத்தைக் கடக்கும்போது குறுகிய ஆவர்த்தன காலமுள்ள அலைகள் பாறையிலேயே தேய்ந்து போகும். வந்து சேர்வது பல வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் நீண்ட அலைதான். உயர்ந்த கட்டடங்களின் அடிப்படை மீடிறனுக்கு ஓர் அண்ணளவு விதி உண்டு: 46ஐ மீட்டரிலுள்ள உயரத்தால் வகுத்தால் ஹெர்ட்ஸில் விடை வரும். 200 மீட்டருக்கு அது 0.23 ஹெர்ட்ஸ், அதாவது 4.3 வினாடி. கொலன்னாவை, முத்துராஜவெலப் பக்கம் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளையும் மறக்கக்கூடாது. 40 மீட்டர் விட்டமும் 15 மீட்டர் திரவ ஆழமும் உள்ள தாங்கியில் திரவம் தளும்பும் காலம் ஏறத்தாழ 7 வினாடி. ஆகவே கொழும்பின் கவலை 3 முதல் 10 வினாடி வரையான பட்டையில் இருக்கிறது. எந்தப் பதிவை எடுப்பது, எந்தக் களஞ்சியத்தில் எடுப்பது, எப்படித் திருத்துவது, சொந்தக் கருவி வாங்குவதா என்ற எல்லாக் கேள்விகளையும் இந்தப் பட்டையை வைத்தே தீர்க்கவேண்டும்.

1615இல் கொழும்பைக் குலுக்கியதாகப் போர்த்துக்கேயர் காலக் குறிப்புகள் சொல்லும் உள்ளூர் நடுக்கம் வேறு விடயம். மிதமான அளவு, மிகக் கிட்டிய தூரம், குறுகிய அலை என்று அதன் கணக்கே வேறு. இங்கே பேசுவது தூரத்துப் பெருநடுக்கத்தைப் பற்றி மட்டும்.

மூன்று வகைப் பதிவுகள்

அகலப்பட்டை நிலநடுக்கமானி, வலுவசைவு ஆர்முடுகல்மானி, உயர்வீத ஜிஎன்எஸ்எஸ் (செய்மதி வழி இடநிர்ணயம்) என்று மூன்று கருவிகள் பெருநடுக்கத்தைப் பதிகின்றன. மூன்றும் ஒரே நிலத்தின் அசைவையே அளந்தாலும், முதலாவது வேகத்தையும் இரண்டாவது ஆர்முடுகலையும் மூன்றாவது இடப்பெயர்ச்சியையும் தருகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியில்தான் சிக்கல்.

அகலப்பட்டைக் கருவி இலங்கைக்குப் புதிதல்ல. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில் உள்ள நிலையம் உலகளாவிய வலையமைப்பைச் சேர்ந்தது. அதன் தரவை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஹக்மனவிலும் மகாகனதராவவிலும் நிலையங்கள் உண்டு. 2004இல் இலங்கையின் நிலம் மேலும் கீழுமாக 9 சென்ரிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கியதை நாம் அறிவது அகலப்பட்டைப் பதிவாலேயே. அந்த அசைவின் ஆவர்த்தன காலம் 20 வினாடி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீச்சம் 4.5 சென்ரிமீட்டர் என்றால் உச்ச வேகம் வினாடிக்கு 14 மில்லிமீட்டர், உச்ச ஆர்முடுகல் 0.44 கால் (Gal, வினாடி வர்க்கத்துக்கு ஒரு சென்ரிமீட்டர்), ஜியில் சொன்னால் பத்தாயிரத்தில் நாலரைப் பங்கு. வரவேற்பறையில் இருந்தவர் எதையும் உணர்ந்திருக்கமாட்டார்.

அதே எண்களுக்குள் அகலப்பட்டைக் கருவியின் பலவீனமும் தெரிகிறது. பரவலாகப் பயன்படும் எஸ்ரிஎஸ்-2 வகைக் கருவி வினாடிக்கு 13 மில்லிமீட்டர் அளவில் வெட்டுப்பட்டுவிடும். அதற்கு மேல் போனால் அலையின் உச்சி தட்டையாகும், அதன்பிறகு வருவதையும் நம்ப முடியாது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரிலேயே விளிம்பைத் தொடுகிற கருவி, சில நூறு கிலோமீட்டருக்குள் எதற்கும் உதவாது. 2011 மார்ச் 11இல் ஜப்பானில் நடந்தது அதுதான். உள்நாட்டு அகலப்பட்டைக் கருவிகள் அளவு மீறிப் போனதால் உந்தத்திறன் அளவை (பிளவின் பரப்பையும் அது நழுவிய தூரத்தையும் வைத்துக் கணிக்கும் நடுக்க அளவை) உடனே கணிக்க முடியாமல் போயிற்று. முதலில் அறிவித்த அளவு 7.9, உண்மையில் வந்தது 9.0. சுனாமி எச்சரிக்கையும் முதலில் அந்தக் குறைந்த கணிப்பை நம்பியே போனது.

ஆர்முடுகல்மானி வெட்டுப்படாது. 2 ஜி, 4 ஜி வரை தாங்கும்படி செய்திருப்பார்கள், மூலத்துக்கு மிக அருகிலும் முழு அலையும் கிடைக்கும். பெருநடுக்கத்தின் முறிவு (பிளவு உடைந்து பரவுவது) எந்த நேரத்தில் எந்தப் பகுதியை உடைத்தது என்ற காலக்கணக்கைத் தருவதில் இதற்கு நிகர் இல்லை. 2011இல் மியாகி மாகாணப் பதிவுகளில் ஏறத்தாழ 50 வினாடி இடைவெளியில் இரண்டு தனித்தனி அலைக்கற்றைகள் துல்லியமாகத் தெரிகின்றன. ஒரே நடுக்கத்துக்குள் இரண்டு பெரும் உடைவுகள் என்று அதைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம்.

ஆனால் இடப்பெயர்ச்சி வேண்டுமென்றால் ஆர்முடுகலை இரண்டு முறை தொகையிடவேண்டும். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பதிவின் அடிக்கோடு (அசைவில்லாதபோது கருவி காட்டவேண்டிய பூச்சியக் கோடு) 0.01 கால் மட்டும் விலகியிருக்கிறது என்று வைப்போம். வரைபில் கண்ணுக்கே தெரியாத விலகல் அது. 100 வினாடியில் அது 50 சென்ரிமீட்டர் பொய் இடப்பெயர்ச்சியைத் தரும். பெருநடுக்கப் பதிவு 300 வினாடி நீளும், அப்போது பொய் 4.5 மீட்டர். கருவி நிற்கும் தளம் சற்றே சாய்ந்தாலும் இதே கதைதான். ஒரு கிலோமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் உயர்த்திய அளவு சாய்வு போதும்: ஈர்ப்பின் கூறு கிடையச்சில் 0.001 காலாகப் புகுந்து, 300 வினாடியில் 45 சென்ரிமீட்டரைக் காட்டும். சாய்வு எது, உண்மையான ஆர்முடுகல் எது என்று கருவியால் பிரித்தறிய முடியாது.

ஜிஎன்எஸ்எஸ் இந்த நோயிலிருந்து தப்பியது, ஏனென்றால் அது நேரடியாக இடப்பெயர்ச்சியையே தருகிறது. வெட்டுப்படாது, அடிக்கோடும் நகராது. 2011இல் ஒசிகாத் தீபகற்பம் கிழக்கே 5.3 மீட்டர் நகர்ந்து 1.2 மீட்டர் தாழ்ந்ததை அதிலேயே கண்டார்கள். குறை என்னவென்றால் இரைச்சல். வினாடிக்கு ஒரு மாதிரி எடுக்கும்போது கிடையில் ஒரு சென்ரிமீட்டர் அளவும், செங்குத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கும் இரைச்சல் இருக்கும். கொழும்புத் தூரத்தில் எதிர்பார்க்கும் சில சென்ரிமீட்டர் அசைவை அது தட்டுத்தடுமாறித்தான் பிடிக்கும். மூலத்துக்கு அருகில் மட்டுமே அது அரசன்.

ஆகவே முறிவை ஆராயும் பட்டப்பின் மாணவருக்கு விடை ஒன்று, கட்டடம் கணிக்கும் பொறியியலாளருக்கு வேறு. மாணவர் ஆர்முடுகல் பதிவையும் ஜிஎன்எஸ்எஸ்ஸையும் சேர்த்தே எடுக்கவேண்டும், ஒன்றை விட்டு ஒன்று போதாது. பொறியியலாளருக்குத் தூரத்து ஆர்முடுகல் பதிவுதான் முதுகெலும்பு, பல்லேகலப் பதிவு அதைச் சரிபார்க்க. ஜிஎன்எஸ்எஸ்ஸை அவர் விட்டுவிடலாம்.

பெரிய எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம்

2011 நடுக்கத்தின் மிகப் புகழ்பெற்ற பதிவு சுக்கிதாத்தே நிலையத்தினுடையது. வடக்கு-தெற்கில் 2,700 கால், மூன்று கூறுகளையும் சேர்த்தால் 2,933 கால், ஏறத்தாழ 3 ஜி. அவ்வளவு பெரிய எண்ணுக்கு அந்த நகரில் இடிந்த வீடுகள் மிகக் குறைவு. பதிவின் வலு முழுவதும் 0.25 வினாடியைச் சுற்றிய ஆவர்த்தன காலத்தில் குவிந்திருந்ததே காரணம். 4 வினாடிக் கட்டடத்துக்கு அந்தப் பதிவு கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது.

அதே நாளில் 770 கிலோமீட்டருக்கு அப்பால் ஒசாகாவில் மக்கள் உணர்ந்தது ஜப்பானிய அளவில் 3 என்ற சாதாரண அசைவு. ஆனால் குடாவோரத்தில் நிற்கும் 256 மீட்டர், 55 மாடி சாகிசிமாக் கட்டடம் பத்து நிமிட அளவுக்கு ஆடியது. உச்சிப் பகுதி ஒரு பக்கத்துக்கு 1.37 மீட்டர் நகர்ந்தது. உள்ளே கூரைப் பலகைகளும் சுவர்களும் சேதமாகின, லிஃப்ட்களில் ஆட்கள் அகப்பட்டனர். கட்டடத்தின் காலம் 6.5 வினாடி, கீழேயுள்ள படிவுத் தளத்தின் காலமும் அதையொட்டியே இருந்ததால் பரிவு ஏற்பட்டது, அதாவது இரண்டும் ஒரே தாளத்தில் ஆடி அசைவு பெருகியது. உயர்ந்த கட்டடம் கணிக்கும் கொழும்புப் பொறியியலாளர் படிக்கவேண்டிய பதிவு சுக்கிதாத்தே அல்ல, ஒசாகா.

2003 செப்டெம்பரில் ஹொக்கைடோவுக்கு அப்பால் வந்த 8.3 நடுக்கத்தில், 250 கிலோமீட்டர் தள்ளியிருந்த தொமக்கொமாய் எண்ணெய்த் தாங்கிகள் தளும்பித் தீப்பிடித்ததும் இதே வகை. தாங்கி வைத்திருப்போருக்கு அந்தப் பதிவுகள் ஒசாகாவைவிட நேரடியாக உதவும்.

முறிவை ஆராய்வோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2011இல் நழுவல் (பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று தாண்டி நகர்ந்த தூரம்) மிகப் பெரிதாக, 50 மீட்டர் அளவுக்கு, நிகழ்ந்தது கடலடியில் அகழியை ஒட்டி. உயர் மீடிறன் அலைகள் பெரும்பாலும் புறப்பட்டதோ தட்டின் ஆழமான, கரையை ஒட்டிய பகுதிகளிலிருந்து. ஆர்முடுகல் வரைபில் கண்ணைப் பறிக்கும் முகடுகளை மட்டும் வைத்து நழுவல் வரைபடம் போட்டால், அகழிப் பக்கத்தைத் தவறவிடுவோம், சுனாமியை உண்டாக்கிய பகுதி அதுவாகவே இருந்தாலும். ஆகவே நேர்மாற்றுக் கணிப்புக்கு (பதிவிலிருந்து பின்னோக்கி நழுவலைக் கணிப்பதற்கு) எடுக்கும் பட்டையை 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் சுற்றி வைப்பது வழக்கம். அதற்கு மேலே போனால் நிலத்தடி வேக மாதிரியின் வழுக்கள் நழுவலாக உருமாறி வரும். கரையிலுள்ள எந்தக் கருவியும் அகழியோர நழுவலைத் திடமாகக் கட்டுப்படுத்தாது. மியாகிக்கு அப்பால் கடலடிப் புவிசார் நிலையம் 24 மீட்டர் நகர்ந்ததைக் காட்டியபிறகே பலருக்கு நம்பிக்கை வந்தது.

எந்தக் களஞ்சியம்

ஜப்பானின் கே-நெட், கிக்-நெட் என்ற வலுவசைவு வலையமைப்புகள் இரண்டையும் முதலில் வைக்கிறோம். கோபே நடுக்கத்துக்குப் பிறகு 1996இல் தொடங்கிய கே-நெட்டில் 20 கிலோமீட்டர் அளவு இடைவெளியில் ஏறத்தாழ 1,000 நிலையங்கள். கிக்-நெட்டில் ஏறத்தாழ 700, ஒவ்வொன்றிலும் மேற்பரப்பில் ஒரு கருவியும் 100 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமான துளையில் இன்னொன்றும். பெயர் பதிந்தால் இலவசம். திருத்தாத மூலப்பதிவு கிடைப்பதே இதன் பெரிய வரம்.

அமெரிக்காவின் என்ஜிஏ என்ற நில அசைவுப் பதிவுத் தொகுப்புகளில் எல்லாம் வடிகட்டி, அட்டவணை போட்டு ஆயத்தமாக இருக்கும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் இரண்டு கண்ணி உண்டு. என்ஜிஏ-வெஸ்ட்2 மேலோட்டு நடுக்கங்களுக்கானது, அதில் 8க்கு மேல் எதுவும் இல்லை. அங்கே போய்த் தேடிவிட்டு "9 அளவுக்குப் பதிவே கிடையாது" என்று முடிவு கட்டுவோர் உண்டு. தட்டு அமிழும் வலயங்களுக்கு என்ஜிஏ-சப் என்ற தனித் தொகுப்பு இருக்கிறது, 70,000க்கு மேற்பட்ட பதிவுகளுடன். இரண்டாவது கண்ணி இதைவிட ஆபத்து. ஒவ்வொரு பதிவுக்கும் பயன்படத்தக்க மிகக் குறைந்த மீடிறன் அட்டவணையில் ஒரு நிரலாக இருக்கும். அதைப் பாராமல் பதிவை எடுத்தால், 5 வினாடியில் நீங்கள் காண்பது வடிகட்டியின் வாலாக இருக்கலாம். உயர்கதி வடிகட்டியின் (தாழ்ந்த மீடிறன்களை நீக்கும் வடிகட்டியின்) வெட்டு மீடிறனை 1.25ஆல் பெருக்கி வருவதே அந்த எல்லை. 0.2 ஹெர்ட்ஸில் வெட்டியிருந்தால் 4 வினாடிக்கு மேல் அந்தப் பதிவைத் தொடக்கூடாது. கொழும்புக் கட்டடத்துக்கு அது அப்படியே தள்ளுபடி.

சிலியின் 2010 (8.8), 2014 (8.2), 2015 (8.3) பதிவுகளும் தரமானவை. ஜிஎன்எஸ்எஸ்ஸையும் சேர்த்துப் பார்க்க விரும்பும் மாணவருக்கு ஜப்பானைவிடச் சிலி சிலவேளை வசதி.

காத்மண்டு 2015? நடுக்கம் 7.8தான், 8ஐ எட்டாததால் பெருநடுக்கம் என்ற வரிசையில் சேராது. ஆனாலும் நகரின் கீழேயே முறிவு ஓடி, 5 வினாடி சுற்றிய அலையை ஆர்முடுகல்மானியும், வினாடிக்கு 5 மாதிரி எடுத்த ஜிஎன்எஸ்எஸ்ஸும் ஒருசேரப் பிடித்த அரிய இடம். இரட்டைத் தொகையீட்டைப் பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சித்தாள் இல்லை. கட்டடக் கணிப்புக்கு எடுக்கவேண்டாம்.

திருத்துவதா, வடிகட்டுவதா

இரண்டும் வெவ்வேறு விடைக்கான வழிகள், கலந்துவிட்டால் இரண்டும் கெடும். நிலம் நிரந்தரமாக எவ்வளவு நகர்ந்தது என்று அறிய அடிக்கோட்டுத் திருத்தம். கட்டடம் எப்படி ஆடும் என்று அறிய வடிகட்டல்.

அடிக்கோட்டுத் திருத்தத்தின் படிகள் இப்படி: நடுக்கத்துக்கு முந்திய பகுதியின் சராசரியை முழுப் பதிவிலிருந்தும் கழிக்கவும். ஒருமுறை தொகையிட்டு வேகத்தைப் பார்க்கவும். அசைவு ஓய்ந்த பின்னும் வேகம் பூச்சியத்துக்கு வராமல் நேர்கோடாக ஏறியோ இறங்கியோ போகும். அந்த வாலுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்தினால் சரிவு வரும். அதுவே இறுதி அடிக்கோட்டு விலகல். வலுவசைவு தொடங்கும் நேரத்துக்கும் நீங்கள் தெரிவுசெய்யும் இரண்டாவது நேரத்துக்கும் இடையே வேறொரு மாறா விலகலைக் கழிக்கவேண்டும். அதன் அளவு, பொருத்திய கோடு அந்த இரண்டாவது நேரத்தில் தரும் வேகத்தை இடைவெளியால் வகுத்தால் வரும். சிக்கல் என்னவென்றால் அந்த இரண்டாவது நேரம். அதைப் பத்து வினாடி நகர்த்தினால் இறுதி இடப்பெயர்ச்சி இரண்டு மடங்காகலாம், குறியே மாறலாம். பக்கத்து ஜிஎன்எஸ்எஸ் நிலையத்தின் விடையோடு ஒப்பிடாமல் வெளியிடும் எந்த நிரந்தர இடப்பெயர்ச்சியையும் நம்பவேண்டாம்.

வடிகட்டல் கொழும்பு அலுவலகங்களுக்கு வேண்டியது. ஆகவே கே-நெட் வகைப் பதிவு ஒன்றை எடுத்து, தவறு நடக்கும் இடங்களைச் சொல்லிக்கொண்டு போவோம். கோப்பின் தலைப்பு 17 வரி. எண்கள் முழு எண்களாக இருக்கும், தலைப்பிலுள்ள அளவுக் காரணியால் பெருக்கினால்தான் கால் வரும். கிக்-நெட்டில் கோப்பின் வால் 1 என்றால் துளைக்குள் உள்ள கருவி, 2 என்றால் மேற்பரப்பு. இதை மாற்றி எடுத்து "மண் அலையைக் குறைக்கிறது" என்று அறிக்கை எழுதுவது எளிதில் நேரும் தவறு. பதிவு நேரத்தில் 15 வினாடித் தாமதம் சேர்ந்திருக்கும், அதைக் கழிக்கவேண்டும். நேரம் ஜப்பான் நேரம், நம்முடையதைவிட மூன்றரை மணி முந்தியது. ஒப்ஸ்பை என்ற பைதன் நூலகம் இந்தக் கோப்பை நேரடியாகவே வாசிக்கும்.

அசைவு ஒரு வாசலைத் தாண்டியபின்பே கருவி தூண்டப்பட்டுப் பதியத் தொடங்கும். தூர நிலையங்களில் அது தூண்டப்பட்டது பிந்தி என்றால் முதல் அலைகள் பதிவில் இருக்காது, அமைதியான முற்பகுதியும் போதாது. அங்கே முற்பகுதிச் சராசரியைக் கழித்தால் விலகல் இன்னும் மோசமாகலாம். முழுப் பதிவின் சராசரியைக் கழித்து, மீதியை வடிகட்டியிடம் விடுங்கள். 4ஆம் படி பட்டர்வேர்த் என்ற உயர்கதி வடிகட்டி, முன்னும் பின்னும் ஓட்டும் வகை, வெட்டு மீடிறன் 0.05 ஹெர்ட்ஸ். பயன்படும் எல்லை 16 வினாடி, தாங்கிக்கும் கோபுரத்துக்கும் தாராளம். 0.05ஐ அப்படியே வைக்காமல், அலையின் நிறமாலை (மீடிறன்வாரியான வலு) இரைச்சலைப்போல் மூன்று மடங்காவது இருக்கும் இடம் வரை பார்த்துத் தெரிவுசெய்யவும்.

வடிகட்டுவதற்கு முன் இரு முனையிலும் பூச்சியங்களைச் சேர்க்கவேண்டும். மொத்த நீளம் 1.5ஐப் படியால் பெருக்கி வெட்டு மீடிறனால் வகுத்தது, இங்கே 120 வினாடி, பாதி முன்னே, பாதி பின்னே. பலர் வடிகட்டிய உடனேயே இந்தப் பூச்சியப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு வேகத்துக்குத் தொகையிடுவார்கள். அந்தப் பகுதியில் வடிகட்டியின் எதிரொலி படிந்திருக்கிறது. அதை வெட்டினால் தொடக்க வேகமும் இடப்பெயர்ச்சியும் பூச்சியமாக இராது, வரைபு மீண்டும் சாய்ந்து ஓடும். தொகையீடு, துலங்கல் நிறமாலை (வெவ்வேறு ஆவர்த்தன காலமுள்ள கட்டடங்கள் அடையும் உச்ச அசைவு) எல்லாவற்றையும் முடித்தபின் வெட்டுங்கள்.

கட்டட மென்பொருளுக்குக் கொடுக்கும்போது உச்ச ஆர்முடுகலை வைத்துப் பதிவைப் பெருக்குவது இன்னொரு வழக்கம். அதுவும் வேண்டாம். கட்டடத்தின் அடிப்படைக் காலத்தைச் சுற்றிய துலங்கல் நிறமாலை மதிப்பை வைத்தே அளவு மாற்றவும். முழு நீளத்தையும் கொடுங்கள், முதல் 40 வினாடியோடு வெட்டினால் பரிவு கட்டியெழும்ப நேரமே இராது.

மெக்சிக்கோ அல்ல, பாங்கொக்கும் அல்ல

"தூரத்து நடுக்கம், மென்மண் நகரம்" என்றதும் 1985 மெக்சிக்கோ நகரப் பதிவை எடுப்போர் பலர். 8.0 நடுக்கம், 350 கிலோமீட்டருக்கு மேல். பாறையில் 0.04 ஜிக்கும் குறைந்த அசைவு பழைய ஏரிப் படுகையில் 0.17 ஜியாக, 2 வினாடிக் காலத்தில் பெருகியது. 2025 மார்ச் 28இல் மியன்மாரின் 7.7 நடுக்கம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி பாங்கொக்கில் கட்டுமானத்தில் இருந்த முப்பதுக்கு மேற்பட்ட மாடிக் கட்டடத்தை வீழ்த்தியபின், பாங்கொக்கையும் அந்த வரிசையில் சேர்க்கிறார்கள்.

கொழும்பு அப்படிப்பட்ட நிலமல்ல. அடியில் பழம் உருமாறிய பாறை, மேலே செம்பூரான், தாழ்ந்த இடங்களில் சதுப்பும் முற்றா நிலக்கரியும். சதுப்பு 20 மீட்டர் தடிப்பு, வெட்டலை வேகம் வினாடிக்கு 120 மீட்டர் என்று மிக மோசமாகவே எடுத்தாலும், தடிப்பை நாலால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் 0.67 வினாடிதான். அது பழைய நாலைந்து மாடிக் கட்டடங்களுக்கான செய்தி. 4 வினாடி அலையை அந்தச் சதுப்பு பொருட்படுத்தும் அளவுக்குப் பெருக்காது. பல நூறு மீட்டர் படிவு உள்ள நகரங்களின் பதிவைக் கொண்டுவந்தால் இல்லாத பெருக்கத்துக்கு உருக்கு வாங்கவேண்டி வரும்.

ஒசாகாப் பதிவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சாகிசிமாவுக்கு அண்மையிலுள்ள கொனோகனா கிக்-நெட் நிலையத்தின் மேற்பரப்புப் பதிவில் படிவுத் தளத்தின் பெருக்கம் முழுவதும் ஏறியிருக்கிறது. அதைக் கொழும்புக்கு மேல் எல்லையாக வைத்துப் பார்க்கலாம், அடிப்படைப் பதிவாக எடுக்கலாகாது. "அப்படியென்றால் அதே நிலையத்தின் 2,000 மீட்டர் ஆழத் துளைப் பதிவை எடுப்போமே" என்று தோன்றும். அதிலும் வில்லங்கம்: மேலேயுள்ள படிவு பரிவுறும் காலத்தில் கீழிறங்கும் அலை ஏறும் அலையைத் தின்று, நிறமாலையில் ஒரு பள்ளம் விழும். உங்களுக்கு வேண்டிய 6 வினாடிக்குப் பக்கத்திலேயே அது விழுகிறது. அதோடு, துளைக் கருவிகளின் திசை வடக்கிலிருந்து விலகியிருப்பது கிக்-நெட்டில் அறியப்பட்ட குறை. நீண்ட அலைகளை மேற்பரப்புப் பதிவோடு பொருத்திப் பார்த்து திருப்பவேண்டும்.

எங்கள் தெரிவு இது: படிவுத் தளத்துக்கு வெளியே, ஹியோகோ, வக்காயமா மலைப்பகுதிகளில் பாறை மேல் நிற்கும் கிக்-நெட் நிலையங்களின் 2011 மேற்பரப்புப் பதிவுகள், 600 முதல் 900 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏழெட்டு. அவற்றின் 10 முதல் 16 வினாடிப் பகுதியைப் பல்லேகலவின் 2004 பதிவோடு ஒப்பிட்டு அளவைச் சரிசெய்யவும். பல்லேகல கொழும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அதே பழம் பாறைத் தகட்டின் மேல். அந்த அலைநீளங்களில் வேறுபாடு சிறிதே. தூரம் இரட்டிப்பு என்பதால் அளவு கீழே இறங்கும். இறங்கட்டும்.

சொந்தக் கருவி

கட்டட உரிமையாளர் ஒருவர் கருவி பொருத்தச் சம்மதித்தால் கேள்வி மெம்ஸா (சில்லில் அமைந்த மலிவான ஆர்முடுகல்மானி), ஃபோர்ஸ்-பேலன்ஸா (உள்ளே உள்ள திணிவை எதிர்விசையால் நிறுத்தி அளக்கும் நுண்ணிய ஆர்முடுகல்மானி) என்று வரும். ஒரு ஃபோர்ஸ்-பேலன்ஸ் தொகுதியின் விலைக்குப் பல மெம்ஸ் பெட்டிகள் வாங்கலாம். நல்ல மெம்ஸ் சில்லு ஒன்றின் இரைச்சல் ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 22.5 மைக்ரோ ஜி. 10 ஹெர்ட்ஸ் பட்டையில் அது 70 மைக்ரோ ஜியாகும், நீண்ட காலங்களில் இன்னும் ஏறும். மேலே கணக்கிட்ட 2004 அசைவு 450 மைக்ரோ ஜி. ஆகவே மிகப் பெரிய நடுக்கத்தின் உச்சி மட்டும் மெம்ஸில் தெரியும், உருவம் தெரியாது. அடித்தளத்தில் மெம்ஸ் வைப்பது வீண். உச்சி மாடியில், கட்டடமே அசைவைப் பெருக்கிக் கொடுக்கும் இடத்தில், அது ஓரளவு தேறும்.

ஃபோர்ஸ்-பேலன்ஸின் நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. நடுக்கம் வருடக்கணக்கில் வராமல் இருக்கலாம். ஆனால் காற்றில் கட்டடம் ஒவ்வொரு நாளும் மிக நுண்மையாக ஆடுகிறது. அதைப் பிடிக்கும் கருவி இருந்தால் உண்மையான ஆவர்த்தன காலத்தையும் தணிப்பையும் (ஆட்டம் எவ்வளவு விரைவாக ஓய்கிறது என்பதையும்) முதல் வாரத்திலேயே அளந்துவிடலாம். 46ஐ வகுக்கும் விதியை நம்பியிருக்கவேண்டியதில்லை. பணம் ஒரு தொகுதிக்கே உண்டென்றால் ஒரு நல்லதை உச்சியில் வையுங்கள். இரண்டாவது கிடைத்தால் அதே மாடியின் எதிர் மூலையில் வைத்து முறுக்கத்தைப் பிரித்தறியலாம், மூன்றாவது அடித்தளத்துக்கு.

கருவியைக் கொங்கிறீற்றில் நங்கூர ஆணியால் இறுக்கவும், உயர்த்திய தளப் பலகையில் அல்ல. லிஃப்ட் இயந்திர அறை, ஜெனரேற்றர், நீர்ப்பம்பி மூன்றுக்கும் தள்ளி. காலிமுகத்திடல் பக்கக் கட்டடமென்றால் உப்புக்காற்று இணைப்பிகளை அரிக்கும், மூடிய வகையையே வாங்கவும். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் இடிமின்னல் அதிகம். நேரத்துக்கான செய்மதி அன்ரெனா கூரையில் இருப்பதால் அந்தக் கம்பி வழியாகவே மின்னல் உள்ளே வரும். மின்னெழுச்சித் தடுப்பியைக் கம்பி கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் வைக்கவேண்டும், கருவிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை.

பதிவு முறையைத் தூண்டலில் விடாதீர்கள். சுமாத்திராவிலிருந்து மேற்பரப்பு அலை வர ஏழெட்டு நிமிடம், வந்தபின் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும். மெல்ல ஏறும் அந்த அலை தூண்டல் வாசலைத் தொடாமலே போகலாம், தொட்டாலும் தொழிற்சாலை அமைப்பின்படி பதிவு இடையிலேயே நின்றுவிடும். தொடர்பதிவுக்கு ஆகும் இடம் ஒன்றும் பெரிதில்லை. மூன்று கூறு, வினாடிக்கு 100 மாதிரி, மாதிரிக்கு 4 பைட் என்றால் நாளுக்கு 104 மெகாபைட். 32 கிகாபைட் அட்டை ஒன்று சுருக்காமலே பத்து மாதம் தாங்கும்.